ஜிப்சி எஞ்சினை விமானத்துக்கு மாற்றுதல்: தரைச் சோதனையில் மூன்று சிக்கல்கள்

பனைமரத்தடி | மே 3, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே, பாக் நீரிணைப் பக்கம், கடலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தள்ளி எனது கொட்டகை இருக்கிறது. அங்கே இருவர் அமரும் சிறிய விமானம் ஒன்றை நான்கு ஆண்டுகளாகக் கட்டி வருகிறேன். எஞ்சின், பழைய மாருதி ஜிப்சியிலிருந்து கழற்றிய ஜி13பிபி: 1298 சி.சி., நான்கு சிலிண்டர், 16 வால்வு, பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். ஜீப்பில் இருந்தபோது 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்றில்) 80 குதிரைத்திறன் தந்தது. நான் 5200-ஐத் தாண்டப் போவதில்லை என்பதால் 70 கிடைத்தாலே போதும்.

கிராங்க்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டின்) ஃப்ளைவீல் முனையில் ஒரு பல் புல்லியைப் பொருத்தி, அதிலிருந்து பல் பெல்ட் மூலம் மேலேயுள்ள புரொப்பெல்லர் தண்டைச் சுழற்றுகிறேன். குறைப்பு விகிதம் 2.2-க்கு 1. புரொப்பெல்லர் மரத்தாலானது, விட்டம் 1.7 மீட்டர். எடையைக் குறைப்பதற்காக ஜிப்சியின் ஃப்ளைவீலை, அதாவது சுழற்சியைச் சீராக்கும் கனச் சக்கரத்தை, எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டர் பல்வளையத்தை மெல்லிய எஃகுத் தகட்டில் மாட்டியிருக்கிறேன். எரிபொருளையும் தீப்பொறியையும் வெளியில் வாங்கிய இசியு என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி கவனிக்கிறது. எஞ்சின் இப்போது இரும்புச் சட்டம் ஒன்றில் ஏறி, இரண்டு பனை மரங்களோடு சங்கிலியால் பிணைக்கப்பட்டுத் தரையில்தான் ஓடுகிறது. இதுவரை ஏழு மணி நேரம் ஓட்டியிருக்கிறேன்.

மூன்று தொல்லைகள் என்னை விட்டுப் போகவில்லை. முதலாவது, 4800 ஆர்பிஎம்மில் பன்னிரண்டு நிமிடம் ஓடினால் கூலண்ட் 108 டிகிரியைத் தொடுகிறது. இத்தனைக்கும் இசியுவின் திரையில் 96 டிகிரிதான் தெரிகிறது. எனவே தனியாக மாட்டிய கேஜ்தான் தவறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டாவது, 1700 முதல் 1900 ஆர்பிஎம் வரை பெல்ட் கடகடவென்று அடித்துக்கொள்கிறது. 2200-ஐத் தாண்டியதும் மாயமாக அடங்கிவிடுகிறது. மூன்றாவது, சூடான எஞ்சினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் மீண்டும் கிளப்பினால் ஒரு நிமிடம் திக்கித் திணறுகிறது. இவற்றுள் எதை முதலில் கையில் எடுப்பது?

ஏர்வாடி_பார்வையாளர் | மே 3, இரவு 10.15

தவறாக எண்ண வேண்டாம். விமானத்துக்கென்றே ரோட்டாக்ஸ் 912 போன்ற எஞ்சின்கள் இருக்கும்போது, ஜீப் எஞ்சினோடு ஏன் இந்த மல்லுக்கட்டு? கார் எஞ்சின் காருக்கு, விமான எஞ்சின் விமானத்துக்கு என்று விட்டுவிடலாமே.

தெற்குவானம் | மே 4, காலை 5.50

நான் தொண்டியில் பிறந்து, இப்போது ஆஸ்திரேலியாவில் வசிப்பவன். சுபாரு காரின் ஈஏ81 எஞ்சின் பொருத்திய சிறு விமானத்தை அறுநூறு மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய அனுபவத்தில் இரண்டு சொற்கள்.

கார் எஞ்சினை வானத்துக்கு ஏற்றுவது புதிய கிறுக்குத்தனம் அன்று. அமெரிக்காவில் பெர்னார்ட் பீட்டன்போல் 1929-லேயே ஃபோர்டு மாடல் ஏ எஞ்சினைத் தம் விமானத்தில் பறக்கவிட்டார். பிற்காலத்தில் அதே விமானத்துக்கு ஷெவர்லே கோர்வேர் எஞ்சினையும் அவரே மாற்றிப் பொருத்தினார். சான்றிதழ் பெற்ற எஞ்சின்களிலும் கார் வம்சத்தவை உண்டு: ஜெர்மனியின் டீலர்ட் நிறுவனம் மெர்சிடிஸ் ஏ வகுப்பு காரின் டீசல் எஞ்சினை விமானத்துக்கு மாற்றி 2002-இல் சான்றிதழ் பெற்றது. ஆனால் அந்த எஞ்சினில் உரிமையாளர்களை அதிகம் படுத்தியது சிலிண்டரோ பிஸ்டனோ அல்ல. 300 மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றி அனுப்ப வேண்டியிருந்த கியர் பெட்டி.

என் கதையும் அதுவேதான். அறுநூறு மணி நேரத்தில் எஞ்சின் தன் குற்றத்தால் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதைச் சுற்றி நான் மாட்டியவை நான்கு முறை அதை நிறுத்தின. ஒருமுறை எரிபொருள் பம்ப், இரண்டு முறை மின் இணைப்பு, ஒருமுறை கூலண்ட் ஹோஸ். ஆகவே பார்வையாளரின் கேள்வி நியாயமானது என்றாலும், அதற்கான விடை எஞ்சினின் பிறப்பில் இல்லை, அதைச் சுற்றியுள்ளவற்றில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

ஓய்வுபெற்ற_தொழில்நுட்பர் | மே 4, காலை 8.30

கடற்படை விமானப் பிரிவில் எஞ்சின் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது இராமநாதபுரத்தில் இருக்கிறேன். தொழில்நுட்பத்துக்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. நீங்கள் இருக்கும் இடத்துக்கு அருகிலேயே ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானத் தளம் 2009 முதல் இயங்குகிறது. அந்த வான்வெளியில் அனுமதியின்றி எதுவும் ஓர் அடிகூட எழும்பக் கூடாது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பாரதிய வாயுயான் சட்டத்தின்படியும், பதிவும் அனுமதியும் இல்லாமல் பறப்பது குற்றம்.

இனி எஞ்சினுக்கு வருவோம். ஜீப் தார்ச்சாலையில் சீராகப் போகும்போது தன் முழுத் திறனில் நான்கில் ஒரு பங்கைக்கூடப் பெரும்பாலும் கேட்பதில்லை. விமானமோ புறப்படும்போது முழுத் திறனையும், பின்னர் மணிக்கணக்கில் நான்கில் மூன்று பங்கையும் கேட்கும். எரிபொருளின் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு உழைப்பாகவும், ஒரு பங்கு புகைக்குழாய் வழியாகவும், ஒரு பங்கு கூலண்ட் வழியாகவும் போகிறது என்று கொண்டால், நீங்கள் 50 கிலோவாட் எடுக்கும்போது ரேடியேட்டரும் ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தை வெளியே தள்ள வேண்டியிருக்கும். ஜிப்சியின் ரேடியேட்டர் மலைப்பாதையில் சில நிமிடங்கள் அந்தச் சுமையைத் தாங்கியிருக்கலாம். மணிக்கணக்கில் தாங்கும்படி யாரும் அதைச் செய்யவில்லை.

பனைமரத்தடி | மே 4, இரவு 8.05

ஐயா, பறக்கும் எண்ணம் இங்கே துளியும் இல்லை. தரைச் சோதனை முடிந்தபின் கூடு முழுவதையும் லாரியில் ஏற்றி, அனுமதி பெற்ற ஓடுதளத்துக்குக் கொண்டுபோய், முறைப்படி விண்ணப்பித்த பிறகுதான் மற்றவை.

பார்வையாளர் நண்பருக்கு: புதிய ரோட்டாக்ஸ் ஒன்றின் விலையில் என் கொட்டகை, விமானம், நான் மூவரும் அடக்கம்.

பாம்பன்_டீசல் | மே 5, இரவு 9.20

நான் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். விமானம் எனக்குத் தெரியாது. ஆனால் ஓய்வுபெற்ற ஐயா சொன்ன சுமைக் கணக்கு எங்களுக்கு அன்றாடம் பழகியது. லாரிக்காகச் செய்த எஞ்சினைப் படகில் இறக்கினால் அது இரவெல்லாம் ஒரே வேகத்தில் வலையை இழுக்கும். லாரியில் கிடைக்கும் இறக்கம் கடலில் ஏது?

பெல்ட் அடிப்பதைப் பற்றி ஒரு கேள்வி. படகில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் ரப்பர் கப்ளிங் இருக்கும். அது தேய்ந்துவிட்டது என்று யாராவது இரும்பை இரும்போடு இறுக்கிவிட்டால், மெதுவான வேகத்தில் கியர் பற்கள் பல்லைக் கடிப்பதுபோலச் சத்தமிடும். கொஞ்ச நாளில் பல் போய்விடும். உங்களுடைய அமைப்பில் ரப்பர் எங்கே?

இன்னொரு கேள்வி. கீழ்ப் புல்லி கிராங்க்கில் நேரடியாகத் தொங்குகிறதா, அதன் மறுமுனையைத் தாங்க ஒரு பேரிங் இருக்கிறதா?

திருப்புல்லாணி_இயற்பியல் | மே 6, மாலை 6.45

பாம்பன் நண்பர் கேட்ட முதல் கேள்விக்குள்தான் இரண்டாவது சிக்கலின் விடை இருக்கிறது. பள்ளியில் இயற்பியல் நடத்துபவன் என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குறைப்பான் ஏன் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கலாம். 1.7 மீட்டர் புரொப்பெல்லரை 5200 ஆர்பிஎம்மில் நேரடியாகச் சுழற்றினால் அதன் நுனி வினாடிக்கு 460 மீட்டருக்கு மேல் பாயும். அது ஒலியின் வேகத்தைவிட அதிகம். இரைச்சல் மட்டுமே மிஞ்சும், இழுவை கிடைக்காது. 2.2 மடங்கு குறைத்தால் நுனி வேகம் 210 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே குறைப்பான் தவிர்க்க முடியாதது. ஆனால் அதுவே புதிய நோயையும் கொண்டுவருகிறது.

நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வெடிக்கிறது. அதாவது கிராங்க் சீராகச் சுழல்வதில்லை, உதை உதையாகச் சுழல்கிறது. 1800 ஆர்பிஎம்மில் அந்த உதை வினாடிக்கு 60 முறை. ஒரு முனையில் கிராங்க், மறுமுனையில் கனமான புரொப்பெல்லர், நடுவில் சற்றே நீளும் பெல்ட்: இது இரண்டு எடைகளுக்கு நடுவே ஒரு வில்லைக் கட்டியதற்குச் சமம். அத்தகைய அமைப்புக்கு இயல்பான ஓர் ஆட்டம் உண்டு. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் வீச்சு ஏறிக்கொண்டே போவதுபோல, எஞ்சினின் உதை அந்த இயல்பான ஆட்டத்தோடு ஒத்துப்போகும் வேகத்தில் முறுக்கதிர்வு பன்மடங்காகிவிடும். உங்கள் அமைப்பில் அந்த ஒத்திசைவு 1800 அருகில் இருக்கிறது. 2200-க்கு மேல் அடங்குவதும் இதனால்தான்; அங்கே நீங்கள் அதைக் கடந்துவிடுகிறீர்கள்.

ஃப்ளைவீலைக் கழற்றியது இதை மோசமாக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். இரு முனைகளில் எது இலேசானதோ அதுவே ஆட்டத்தின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கும். புரொப்பெல்லரின் சடத்துவத்தைக் கிராங்க்கின் பக்கத்துக்குக் கொண்டுவரும்போது, குறைப்பு விகிதத்தின் வர்க்கமாகிய 4.84-ஆல் வகுக்க வேண்டும். அப்படியும் அது ஃப்ளைவீல் இல்லாத கிராங்க்கைவிட நான்கு மடங்கு இருக்கும் என்று தோராயமாகக் கணக்கிட்டேன். பழைய ஃப்ளைவீலை மாட்டினால் கிராங்க் பக்கம் கனம் கூடி, ஒத்திசைவு 1200 முதல் 1300 ஆர்பிஎம் வரை இறங்கலாம். அது மட்டும் போதாது, ஏனெனில் ஐட்லிங்குக்கு (சுமையின்றி மெதுவாக ஓடும் வேகத்துக்கு) மிக நெருக்கம். நடுவில் ரப்பர் கப்ளிங் ஒன்றையும் வைத்து வில்லைத் தளர்த்தினால், ஒத்திசைவு ஐட்லிங்குக்குக் கீழே போய், கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் ஒரு நொடி உலுக்கிவிட்டுப் போகும்.

அதுவரை 1700 முதல் 1900 வரையுள்ள வேகத்தில் ஒருபோதும் நிறுத்திவைக்காதீர்கள். கைப்பேசியில் ஒலியைப் பதிவு செய்து அதிர்வெண் காட்டும் செயலியில் போட்டுப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு கோபுரம் நிற்க வேண்டும்.

பனைமரத்தடி | மே 7, இரவு 10.00

நின்றது, ஐயா. 59-க்கும் 61-க்கும் நடுவில். எடைக்குப் பயந்து ஃப்ளைவீலைக் கழற்றிய என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது? நாளையே அதைத் திரும்ப மாட்டுகிறேன். ரப்பர் கப்ளிங்குக்கு லேத் வேலை தேவைப்படுகிறது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஊரிலுள்ள எல்லா லேத்துகளிலும் படகுத் தண்டுகள் வரிசையில் கிடக்கின்றன. ஜூன் 14 வரை என் வேலையை யாரும் தொட மாட்டார்கள் போலிருக்கிறது.

கீழக்கரை_வயரிங் | மே 8, காலை 11.30

இரண்டு மீட்டர்கள் இரண்டு கணக்குச் சொன்னால், பிடிக்காத மீட்டரைத் தவறு என்பது மனித இயல்பு. துபாயில் பதினான்கு ஆண்டுகள் கார் மின்பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் தனி கேஜ் சரியாகவும், இசியு தவறாகவும் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

கூலண்ட் சென்சாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். எர்த் இணைப்பில் துரு பிடித்து அங்கே கொஞ்சம் தடை கூடினால், இசியு அதையும் சென்சாரின் தடையாகவே எண்ணி, எஞ்சின் உண்மையில் இருப்பதைவிடக் குளிராக இருக்கிறது என்று முடிவு செய்துவிடும். குளிர் என்று நம்பினால் பெட்ரோலைக் கூட்டித் தெளிக்கும். அதனால் கலவையில் பெட்ரோல் கூடி, சூடு ஓரளவு மறைக்கப்படும். நீங்கள் சரி செய்ததாக நினைக்கும் ட்யூனிங் முழுவதும் பொய்யாகிவிடும். சென்சார் எர்த்தையும், பம்ப், காயில் போன்ற அதிக மின்சாரம் இழுக்கும் பொருள்களின் எர்த்தையும் ஒரே போல்ட்டில் மாட்டியிருக்கிறீர்களா?

பனைமரத்தடி | மே 8, இரவு 9.15

காக்கா, ஒரே போல்ட்டில்தான். கழற்றிப் பார்த்தேன். வளையத்தின் அடியில் பச்சை பூத்திருக்கிறது. மாட்டி ஐந்து மாதங்கூட ஆகவில்லை.

கீழக்கரை_வயரிங் | மே 9, காலை 7.00

கடலோரத்தில் ஐந்து மாதம் என்பது கடலைவிட்டுத் தள்ளிய ஊரில் ஐந்து ஆண்டு. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியை மட்டும் பயன்படுத்துங்கள். படகுக் கடைகளில் கிடைக்கும். முனைகளை நல்ல கருவியால் நசுக்கிப் பிடித்து, பசையுள்ள சுருங்குகுழாயால் மூடுங்கள். சென்சார் எர்த்துக்குத் தனிக் கம்பி போட்டு நேரே இசியுவுக்குக் கொண்டுசெல்லுங்கள். அதிக மின்சாரம் இழுப்பவற்றுக்குத் தனிக் கம்பி போட்டு நேரே பேட்டரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அப்படியே ஒன்றையும் கேட்டுவைக்கிறேன். ஆல்டர்னேட்டர் செத்துவிட்டால் எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடும் என்று அளந்திருக்கிறீர்களா? பம்ப், இன்ஜெக்டர், காயில், இசியு எல்லாம் சேர்ந்து எத்தனை ஆம்பியர்?

பனைமரத்தடி | மே 10, இரவு 8.50

கிளாம்ப் மீட்டரில் 13 ஆம்பியர். பேட்டரி 18 ஆம்பியர்-மணி. ஆல்டர்னேட்டரைத் துண்டித்து ஓட்டிப் பார்த்ததில் ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் தவறத் தொடங்கியது. இது புதிய பேட்டரி. பழசானால் பாதிகூடக் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, டயோடு மூலம் பிரித்த இரண்டாவது பேட்டரி ஒன்றையும் இரண்டாவது பம்ப் ஒன்றையும் சேர்க்கிறேன்.

எர்த்தைப் பிரித்தபின் இசியுவும் கேஜும் இரண்டு டிகிரி வித்தியாசத்தில் ஒத்துப்போகின்றன. அதாவது 108 என்பது உண்மை.

ஓய்வுபெற்ற_தொழில்நுட்பர் | மே 11, காலை 9.10

உண்மை என்று தெரிந்துவிட்டதால் இனிக் குளிர்விப்பைப் பார்க்கலாம். நீங்கள் அனுப்பிய படத்தில் ரேடியேட்டர் புரொப்பெல்லருக்குப் பின்னால் திறந்தவெளியில் நிற்கிறது. புரொப்பெல்லரின் நடுப்பகுதி காற்றைத் தள்ளுவதேயில்லை என்று சொல்லலாம். தள்ளப்பட்ட காற்றும், நெருக்கமான துடுப்புகளுக்குள் புகுவதைவிட ஓரமாக வழிந்தோடுவதையே விரும்பும். சிறிய வாயில் தொடங்கி மெல்ல அகன்று ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடும் ஒரு தகரக் கூம்பைச் செய்து, விளிம்புகளில் ரப்பர் பட்டை ஒட்டி, காற்று வேறு வழியின்றி உள்ளேதான் போக வேண்டும் என்று ஆக்குங்கள். வெளியேறும் வழி தாராளமாக இருக்கட்டும். பலர் உள்வாயைப் பெரிதாக்கிவிட்டு வெளிவாயை மறந்துவிடுகிறார்கள்.

ஹெட்டில் காற்றுக்குமிழி தங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. எஞ்சின் இப்போது ஜீப்பில் இருந்த சாய்வில் இல்லாததால், கூலண்ட் நிரப்பும் தொட்டியே எல்லாவற்றையும்விட உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். தெர்மோஸ்டாட் தட்டில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இட்டால் குமிழி தானாக மேலேறிவிடும்.

எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள்?

பனைமரத்தடி | மே 11, பிற்பகல் 1.30

கூலண்டோடு குடிநீர்க் கேன் தண்ணீர். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் கரிக்கும் என்பதால் அதைத் தொடவில்லை.

பாம்பன்_டீசல் | மே 11, இரவு 9.45

கேன் தண்ணீர் மனிதருக்கு. அலுமினிய ஹெட்டுக்குப் பேட்டரி தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பாதிக்குப் பாதி கூலண்ட். இந்தக் கரையில் அலுமினியம் எப்படிப் பொடியாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் துருவை ஆராயத் தன் நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பது சும்மா இல்லை. எஃகு போல்ட்டை அலுமினியத்தில் முறுக்கும் இடமெல்லாம் பசை தடவுங்கள். ரேடியேட்டரை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

என் இரண்டாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தெற்குவானம் | மே 13, காலை 6.20

மூன்றாவது சிக்கலுக்கு வருகிறேன். சூடான எஞ்சின் திக்குவது பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்வதால்தான் என்பது என் கணிப்பு. இந்தியாவில் இப்போது பம்புகளில் இ20 பெட்ரோல், அதாவது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது, வருகிறது அல்லவா? உங்கள் பம்ப் எங்கே இருக்கிறது?

எத்தனாலைப் பற்றி மூன்று செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். ஈரம் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து, தொட்டியின் அடியில், அதாவது எஞ்சின் உறிஞ்சும் இடத்தில், தங்கிவிடும். பழைய காலத்து ரப்பர் ஹோஸ்களையும் சில வகை ரெசின் தொட்டிகளையும் அது மென்மையாக்கும். மேலும், கலவையின் சரியான விகிதத்தையே மாற்றிவிடும்: சாதாரண பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இ20-க்கு ஏறத்தாழ 13.5. ஆகவே ட்யூனிங் செய்யும்போது காற்று-எரிபொருள் விகித எண்ணைப் பார்க்காமல் லாம்டாவை, அதாவது அந்த எரிபொருளுக்குச் சரியான காற்றோடு ஒப்பிட்ட அளவை, மட்டும் பாருங்கள். எந்தப் பெட்ரோலானாலும் லாம்டா பொய் சொல்லாது. முழுத் திறனில் 0.85 முதல் 0.88 வரை வைத்தால் எஞ்சின் குளிர்ச்சியாகவும் வலுவாகவும் ஓடும். சீரான பறப்புக்கு 0.95 அருகில் கொண்டுவரலாம். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியே புகை வெப்பமானி மாட்டிக்கொள்ளுங்கள்; லாம்டா காட்டுவது நால்வரின் சராசரி, அதில் பட்டினி கிடக்கும் ஒருவர் தெரியமாட்டார்.

வாங்கிய பெட்ரோலில் எவ்வளவு எத்தனால் இருக்கிறது என்று அறிய எளிய வழி உண்டு. அளவுக் குவளையில் 10 மில்லி தண்ணீர், அதன்மேல் 100 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேரும். அடியடுக்கு 30 மில்லி அளவுக்கு வளர்ந்திருந்தால் அது இ20.

பனைமரத்தடி | மே 16, இரவு 9.30

அடியடுக்கு 29 மில்லி. பம்ப் தொட்டியைவிட உயரத்தில், புகைக்குழாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. உறிஞ்சும் பக்கத்தில் சூடு பட்டால் ஆவியாகாமல் என்ன செய்யும்? பம்ப்களைத் தொட்டிக்குக் கீழே இறக்கி, எத்தனால் தாங்கும் ஹோஸ் போட்டு, மிச்சப் பெட்ரோல் தொட்டிக்கே திரும்பிச் சுற்றும்படி செய்துவிட்டேன். திக்கல் போய்விட்டது.

ஓய்வுபெற்ற_தொழில்நுட்பர் | மே 17, காலை 8.00

நன்று. ஆனால் பெட்ரோலின் ஓட்ட அளவைச் சோதிக்காமல் விட்டுவிடாதீர்கள். 70 குதிரைத்திறனுக்கு மணிக்கு 21 அல்லது 22 லிட்டர் தேவைப்படும். பம்ப் மூலம் வரும் அமைப்பு அதைப்போல் ஒன்றேகால் மடங்கு, அதாவது 27 லிட்டராவது தர வேண்டும். அதையும் மூக்கைத் தூக்கி, ஏறும் கோணத்தில் வைத்து, தொட்டியில் குறைந்த பெட்ரோல் இருக்கும்போது அளக்க வேண்டும்.

மேலும், ஓட்டாத நாள்களில் "பழுதாகாமல் இருக்க" ஐந்து நிமிடம் கிளப்பி நிறுத்தும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். எரிபொருள் எரிந்து உண்டாகும் தண்ணீர் ஆயிலில் தங்கும். ஆயில் 80 டிகிரியைத் தாண்டிக் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அது ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிட ஓட்டம் எஞ்சினுக்குள் ஈரத்தை ஊற்றிவிட்டு மூடிவைப்பதற்குச் சமம். ஓட்டினால் அரை மணி நேரம் சுமையோடு ஓட்டுங்கள். இல்லையேல் சிலிகா ஜெல் அடைப்பான்களைப் பிளக் துளைகளில் மாட்டிச் சும்மா விட்டுவிடுங்கள்.

பனைமரத்தடி | மே 29, இரவு 10.10

கூம்பு மாட்டினேன், தொட்டியை உயர்த்தினேன், தெர்மோஸ்டாட்டில் துளையிட்டேன். 33 டிகிரி வெயிலில், கச்சான் காற்றை எதிர்நோக்கி நிறுத்தி, 4800-இல் நாற்பது நிமிடம் ஓட்டினேன். கூலண்ட் 94 டிகிரியில் நின்றுவிட்டது. முழுத் திறனில் லாம்டா 0.87. மூன்றாவது சிலிண்டரின் புகை மட்டும் மற்றவற்றைவிட 45 டிகிரி அதிகம். தேடியபோது இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் மயிரிழைக் கசிவு இருந்தது. லாம்டா எண் மட்டும் இருந்திருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

ஃப்ளைவீல் மாட்டியதால் பெல்ட்டின் கடகடப்பு ஆசிரியர் சொன்னபடியே இறங்கி, இப்போது 1250 அருகில் இருக்கிறது. ஐட்லிங்கை 1600-இல் வைத்துச் சமாளிக்கிறேன்.

புரொப்பெல்லர் போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கிப் பார்த்ததில் ஆறில் நான்கு தளர்ந்திருந்தன. ஐப்பசி ஈரத்தில் மாட்டிய மரம் கோடையில் சுருங்கியிருக்கிறது.

பனைமரத்தடி | ஜூன் 9, இரவு 11.20

பதினொரு மணி நேரம் முடிந்ததால் முதல் ஆயில் மாற்றம். ஓய்வுபெற்ற ஐயா தனிச்செய்தியில் வற்புறுத்தியபடி ஃபில்டரை அறுத்து, மடிப்புத் தாளை விரித்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் செதில்கள், கடுகில் பாதி அளவில், இருபதுக்கும் மேல். படத்தை இணைத்திருக்கிறேன். எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் தேய்வது இயல்புதானே?

பாம்பன்_டீசல் | ஜூன் 10, காலை 5.40

காந்தத்தில் ஒட்டுகிறதா?

பனைமரத்தடி | ஜூன் 10, காலை 7.15

ஒட்டவில்லை.

பாம்பன்_டீசல் | ஜூன் 10, காலை 7.20

அப்படியானால் அது பேரிங்கின் மேற்பூச்சாக இருக்கலாம். மறுபடி கிளப்ப வேண்டாம், தம்பி. மே 5-ஆம் தேதி கேட்டதையே மூன்றாம் முறையாகக் கேட்கிறேன். கீழ்ப் புல்லியின் மறுமுனையில் பேரிங் இருக்கிறதா, இல்லையா?

பனைமரத்தடி | ஜூன் 10, இரவு 9.00

இல்லை, அண்ணன். கிராங்க்கில் நேரடியாகத் தொங்குகிறது. கேள்வியின் கனம் அன்று எனக்குப் புரியவில்லை. பதில் எழுதாமல் விட்டது என் தவறு.

அடியிலுள்ள ஆயில் சட்டியைக் (சம்ப்) கழற்றி, ஃப்ளைவீல் பக்கமுள்ள கடைசி மெயின் பேரிங்கைத் திறந்தேன். அதன் இரு அரைவட்டத் தகடுகளில் கீழ் ஷெல் புதிதுபோல் இருக்கிறது. மேல் ஷெல்லின் வெளி ஓரத்தில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு மேற்பூச்சு வழித்தெடுக்கப்பட்டிருக்கிறது. மற்ற நான்கு பேரிங்குகளில் குறையில்லை.

திருப்புல்லாணி_இயற்பியல் | ஜூன் 11, மாலை 6.10

பெல்ட்டை இறுக்கியபோது புல்லி மேல்நோக்கி இழுக்கப்பட்டிருக்கிறது. ஃப்ளைவீலைத் தாண்டித் தொங்கும் புல்லி நெம்புகோலின் நுனிபோல் வேலை செய்து, கிராங்க்கின் முனையை மேலே வளைத்து, கடைசிப் பேரிங்கின் மேல் ஓரத்தில் அழுத்தியிருக்கிறது. நீங்கள் சொல்லும் தேய்மானம் அப்படியே இதோடு பொருந்துகிறது. முறுக்கதிர்வில் மூழ்கிப்போன நான் இந்த நேரடி இழுவையைக் கவனிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். படகு நண்பர் முதல் நாளிலேயே கவனித்திருக்கிறார்.

பாம்பன்_டீசல் | ஜூன் 12, இரவு 9.30

நடந்தது நடந்துவிட்டது, கிராங்க் பிழைத்திருந்தால் செலவு குறைவுதான். ஜர்னலை (பேரிங்கில் சுழலும் தண்டுப் பகுதியை) மைக்ரோமீட்டரில் நான்கு பக்கமும் அளந்து, வட்டம் கெடாமல் இருந்தால் ஷெல்லை மட்டும் மாற்றினால் போதும். ஆயில் வழிகளை எல்லாம் கழுவி ஊத வேண்டும்.

கீழ்ப் புல்லிக்குத் தனித் தண்டு செய்து, இரு பக்கமும் பேரிங் வைத்துச் சட்டத்தில் தாங்கிவிடுங்கள். அந்தத் தண்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் ரப்பர் கப்ளிங். பெல்ட்டின் இழுவையைச் சட்டம் வாங்கிக்கொள்ளும்; கிராங்க்குக்கு முறுக்கு மட்டும்தான் போகும். ஆசிரியர் கேட்ட ரப்பரும் நான் கேட்ட பேரிங்கும் ஒரே லேத் வேலையில் முடிந்துவிடும். ரப்பர் கிழிந்தாலும் இரும்பு நகங்கள் ஒன்றையொன்று பிடித்துச் சுழற்றும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். கடலில் எங்களுக்கு அது கரை சேர்க்கும், வானத்தில் உங்களுக்கு எப்படியோ.

தண்டும் கிராங்க்கும் ஒரே கோட்டில் இல்லையென்றால் ரப்பர் ஒரு மாதம்கூடத் தாங்காது. படகுகள் 15-ஆம் தேதி கடலுக்குப் போய்விடும்; அதன்பின் லேத்தும் காலி, நானும் காலி. அந்த வார வெள்ளிக்கிழமை டயல் கேஜைக் கொண்டுவருகிறேன். அதுவரை சட்டத்தில் எதையும் வெல்டிங் செய்துவிடாதீர்கள்.